கூட்டக் குறிப்பில் இல்லாதது

நகர மன்றத்தில் அவளுக்கு வைத்த பெயர் பென்சில் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் பணிப்பதிவேட்டில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும். மன்றக் கூட்டங்களில் தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை. அதில் குனிந்து உட்கார்ந்து, பேசுகிறவர்கள் பேச்சைச் சுருக்கெழுத்தில் பிடிப்பதுதான் இருபத்தொன்பது வருஷமாக அவள் வேலை. நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை வரை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதற்கும் மேலான வேகத்தில் பேசுகிற உறுப்பினர் ஒருவர் இருந்தார். சொன்னதையே மூன்று தடவை சொல்வது அவர் வழக்கம் என்பதால் அவராலும் தொல்லை இல்லை.

நடுவில் ஒருமுறை ஒலிப்பதிவு இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். அது மின்விசிறியின் சத்தத்தை அட்சரம் பிசகாமல் பதிவு செய்தது. பிறகு அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பென்சில் அக்காவுக்கு இன்னும் ஒரு டஜன் பென்சில் வாங்கிக் கொடுத்தார்கள்.

அவளுடைய உண்மையான சாமர்த்தியம் கூட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். உறுப்பினர்கள் பேசியது பேசியபடியே அச்சில் வந்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து அதை நடுத்தெருவில் விட்டுவிட்டு இன்னொன்றின் பின்னால் ஓடுவார்கள். பக்கத்து இருக்கைக்காரரின் பரம்பரையையே இழுப்பார்கள். அதையெல்லாம் அவள் பூசி மெழுகிவிடுவாள். மூன்றாவது வார்டு உறுப்பினர் ஒருமுறை எழுந்து நின்று, “இந்தக் குப்பை வண்டியைப் பத்திப் பேசினா எனக்கு வாயில நல்ல வார்த்தையே வராது” என்று சொல்லிவிட்டு, வந்த வார்த்தைகளை ஐந்து நிமிஷம் வரிசையாக எடுத்துவிட்டார். குறிப்பில் அது, ‘குப்பை அகற்றும் பணியில் ஏற்படும் தாமதம் குறித்து உறுப்பினர் தமது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார்’ என்று வந்தது. படித்துப் பார்த்து அவரே அசந்துபோனார். “நான் இவ்வளவு நல்லவனா அக்கா?” என்று கேட்டார்.

இதை யாரும் தப்பு என்று நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. மொழியைத் திருத்தலாம், விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்பது அந்த வேலையின் எழுதாத விதி. மொழி எங்கே முடிகிறது, விஷயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாரும் அவளுக்குக் கோடு கிழித்துக் காட்டவில்லை. தன் கைக்கு அது தெரியும் என்று அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். அத்தனை வருஷம் ஒரு புகார் வராமல் எழுதியவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

எழுதிய விதி ஒன்றும் உண்டு. குறிப்பு அச்சாகிக் கையெழுத்தான பிறகு சுருக்கெழுத்து நோட்டை அழித்துவிட வேண்டும். இதை மட்டும் அவள் மதிக்கவில்லை. காரணம் புரட்சி ஒன்றும் இல்லை, சிக்கனம்தான். சுருக்கெழுத்தைத் தாளின் ஒரு பக்கத்தில்தான் எழுதுவாள். மறுபக்கம் வெள்ளையாக, வழவழவென்று இருக்கும். நல்ல தாளைக் கிழித்துப் போட அவளுக்கு மனசு வராது. நோட்டு தீர்ந்ததும் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். யார் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வந்தார்கள், என்ன ஓட்டினார்கள் என்று பின்பக்கத்தில் எழுதி, வந்தவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். முன்பக்கத்தில் மன்ற உறுப்பினர்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், பின்பக்கத்தில் யாராவது ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

விஷயம் ஆரம்பித்தது தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது நடந்த ஒரு கூட்டத்தில். நகரச் சந்தையின் மேல்மாடியைப் புதுப்பித்து அப்போதுதான் தலைவர் திறந்துவைத்திருந்தார். நாற்பது சின்னக் கடைகள். ஏறி இறங்க இருந்தது கிழக்குப் பக்கத்துப் பழைய படிக்கட்டு ஒன்றுதான். வேறு எதையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது உதவிப் பொறியாளர் கையைத் தூக்கினார். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர், ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் தொண்டையைச் செருமவே பாதி நேரம் போய்விடும்.

“ஐயா, அது வந்து... சந்தைல கிழக்குப் படிக்கட்டு... நான் என்ன சொல்ல வர்றேன்னா... கீழ தாங்குற தூண் ரெண்டுலயும் வெடிப்பு விட்டிருக்கு ஐயா. சின்ன வெடிப்பு இல்ல. விரல் போகுது. என் விரலே உள்ள போகுது ஐயா. மூடிடலாம். விழுந்துடும்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றாமலே பதில் சொன்னார். “தேர்தல் முடியற வரைக்கும் அது நிக்கும், நீ உக்காரு. அவ்வளவு பயமா இருந்தா நீயே போய்க் கையால தாங்கிப் புடிச்சுக்கோ.”

மன்றம் சிரித்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமே இல்லை. அந்த ஐந்து வருஷத்தில் அவர்கள் ஒருமனதாகச் செய்த காரியம் அது ஒன்றாகத்தான் இருக்கும். உதவிப் பொறியாளரும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் வரைவை எழுதும்போது பென்சில் அக்கா வழக்கம்போலத் தன் வேலையைச் செய்தாள். தலைவரின் கிண்டலை எடுத்துவிட்டாள். ஓர் அதிகாரியை அவமானப்படுத்தியதை அச்சில் ஏற்றுவது நாகரிகமில்லை, அவருக்கு நாம் செய்கிற உபகாரம் இது என்றுதான் நினைத்தாள். பொறியாளரின் இழுவையையும் நறுக்கினாள். வரைவில் நின்றது இவ்வளவுதான்: ‘சந்தைக் கட்டடத்தின் கிழக்குப் படிக்கட்டுத் தூண்களில் விரிசல்கள் காணப்படுவதால், உரிய நடவடிக்கை பரிசீலிக்கப்படலாம் என்று உதவிப் பொறியாளர் கருத்துத் தெரிவித்தார்.’ விரல் போன இடம் தெரியவில்லை.

வரைவு செயலாளரிடம் போய்த் திரும்பி வந்தபோது அந்த ஒரு வாக்கியத்தின் மேல் பச்சை மையில் ஒரு கோடு இருந்தது. பக்கத்தில், ‘பொருள் நிரலில் இல்லாத பேச்சு, நீக்கவும்’ என்று எழுதியிருந்தது. இப்படி நீக்கச் சொல்வது புதிதல்ல. அவள் அந்தப் பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்து, கடைசியில் வழக்கமாக வரும் ‘மேற்கண்டவை கூட்ட நடவடிக்கைகளின் உண்மையான பதிவு’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, கோடு போட்ட வரைவோடு செயலாளருக்கே திருப்பி அனுப்பினாள். சத்தியமாக அப்போது அவள் மனசில் ஒன்றும் உறுத்தவில்லை. மத்தியானம் பசித்தது, சாப்பிடப் போனாள்.

தேர்தல் வந்தது, தலைவர் மறுபடி ஜெயித்தார். அதன்பின் ஐந்து வாரம் கழித்து ஒரு காலை பத்தரை மணிக்குக் கிழக்குப் படிக்கட்டு விழுந்தது. மூன்று தெரு தள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த பென்சில் அக்காவுக்கும் சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிறார்கள் என்று நினைத்தாள். ஒன்பது பேருக்குக் காயம். இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருவர் சுமை தூக்குகிறவர். இன்னொருத்தி மேல்மாடியில் பொத்தானும் நூலும் விற்றவள், கடையைத் திறக்க ஏறிக்கொண்டிருந்தாள்.

செய்தி கேட்டதும் அவள் காதில் விழுந்தது அந்த ஒரு பேச்சுதான். என் விரலே உள்ள போகுது ஐயா.

மறுநாளே உதவிப் பொறியாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஆபத்தைத் தெரிந்துகொள்ளவில்லை, தெரிந்திருந்தால் மன்றத்துக்குச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. தலைவர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அச்சடித்த கூட்டக் குறிப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “ஒரு வருஷக் குறிப்பு இருக்கு. புரட்டிப் பாருங்க. படிக்கட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கான்னு காட்டுங்க” என்றார். இல்லைதான். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை விசாரிக்க நியமித்தார்கள். குற்றம் உறுதியானால் பொறியாளருக்கு வேலை போகும், வழக்கும் வரும், சிறையும் வரலாம் என்று அலுவலகமே பேசிக்கொண்டது.

மூன்றாம் நாள் அவர் பென்சில் அக்காவின் மேசைக்கு வந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். நான் அன்னைக்குச் சொன்னேன் இல்ல?”

அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

“எனக்கே சந்தேகமா இருக்கு அக்கா. வாயால சொன்னேனா, மனசுக்குள்ளயே சொல்லிட்டு உக்காந்துட்டேனான்னு. உறுப்பினர்ங்க ஆறு பேரைக் கேட்டுட்டேன். ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையாம்.”

“குறிப்புல இல்லையே தம்பி” என்றாள் அவள்.

“ஆமா. குறிப்புல இல்ல” என்று தலையாட்டிவிட்டு அவர் போய்விட்டார். அவளிடம் கோபித்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் அன்று அவள் பட்ட அவமானம் அதற்கு முன்னால் வாழ்க்கையில் எந்தப் பொய்க்கும் பட்டதில்லை. டப்பாவில் கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துப்போனாள்.

மறுநாள் செயலாளர் அறைக்குப் போனாள். அவரை வில்லன் என்று நினைத்துவிடக் கூடாது. மரியாதை தெரிந்தவர், பியூனைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். உட்காரச் சொல்லி, அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

“நீங்க எதையும் மாத்தினதே இல்லையா?”

“மொழியைத் திருத்துவேன் சார்.”

“‘விழுந்துடும்’னு அவர் சொன்னாருன்னு இப்பச் சொல்றீங்க. என்கிட்ட வந்த வரைவுல ‘பரிசீலிக்கப்படலாம்’னு இருந்துச்சு. வரைவு என்கிட்ட பத்திரமா இருக்கு. விழுந்துடும்னு எழுதியிருந்தா நான் கோடு போட்டிருப்பேனா? எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு. நான் படிச்சது நீங்க எழுதினதைத்தான்.”

அவள் மேசை மேலிருந்த பச்சை மைப் பேனாவைப் பார்த்தாள்.

“இருபத்தொம்பது வருஷமா நீங்க செஞ்சா அது திருத்தம். நாங்க ஒரு வரியை எடுத்தா அது மட்டும் திருட்டா? யோசிச்சுப் பாருங்க. நான் மிரட்டல. இது வெளிய வந்தா முதல்ல உங்க கையெழுத்துதான் வெளிய வரும்.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த நோட்டு இருக்கா?” என்றார்.

“விதிப்படி அழிச்சாச்சு சார்.”

அந்தப் பதில் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று படியிறங்கும்போது அவளே ஆச்சரியப்பட்டாள். அவ்வளவு சுத்தமான பொய். நோட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று மனசில் ஏதோ ஒன்று அவளைக் கேட்காமலே முடிவு செய்திருந்தது. நோட்டைக் காப்பாற்ற முடிவானதே தவிர, அதைக் காட்டத் தான் துணிவாளா என்பது இன்னும் முடிவாகவில்லை என்பதும் தெரிந்தது. செயலாளர் சொன்னதில் பாதி சப்பைக்கட்டு, பாதி நிஜம். அந்த நிஜப் பாதியைத்தான் அவளால் தள்ள முடியவில்லை. பொறியாளரைக் காப்பாற்ற வேண்டுமானால் நோட்டைக் காட்ட வேண்டும். நோட்டைக் காட்டினால் அடுத்த நிமிஷம் வரைவு வரும். வரைவு வந்தால், உண்மையின் பல்லை முதலில் பிடுங்கியது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

வீட்டுக்காரர் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோட்டு காரின் டேஷ்போர்டுக்குள்தான் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் துணியை வாளியில் நனைத்தார். துணியைப் பிழிந்தபடியே பேசினார்.

“உனக்கு இன்னும் நாலு வருஷம். வாயைத் திறக்காம இருந்தா கௌரவமா வெளிய வரலாம். எழுதினதோட உன் வேலை முடிஞ்சுது.”

“அந்தத் தம்பிக்கு?”

“சின்னப் பையன். வேற வேலை பாத்துப்பான்.”

“அவருக்கு நாப்பத்தொரு வயசுங்க.”

“நமக்குச் சின்னப் பையன்தானே.”

அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து, நோட்டைப் புரட்டி, அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். விரலும் தூணும் தலைவரின் பேச்சும் எல்லாம். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

“சரி, இதை நீ அச்சுக்கு எப்படி எழுதின?”

பரிசீலிக்கப்படலாம் என்று எழுதியதைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“அட, நல்லாத்தானே எழுதியிருக்க. கேக்கறவங்களுக்குப் பயமே வராது” என்றார்.

குத்திக் காட்ட அவர் சொல்லவில்லை. மனைவியின் எழுத்தைப் பாராட்டித்தான் சொன்னார். அவள் காரை விட்டு இறங்கி உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வெகு நேரம் கழித்து அவர் கதவருகே வந்து நின்றார். “குடுக்கறதா இருந்தா எனக்கு என் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் குடுத்துடு. அதுல பாதிப் பேருக்கு இன்னும் வகுப்பு முடியல” என்றார். சம்மதம் சொல்வதற்கு அவருக்கு வேறு வழி தெரியாது.

அதன்பின் ஒன்பது நாள் அந்த நோட்டு அவளுடைய சாப்பாட்டுப் பையில் போய் வந்தது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று காலையில் நினைப்பாள். நாளைக்குக் கொடுக்கலாம் என்று சாயங்காலமும் நினைப்பாள். அவளைக் கோழை என்று சொல்கிறவர்கள், தங்கள் நல்ல பெயர் முழுவதையும் ஒரு நோட்டில் வைத்து ஒன்பது நாள் தூக்கிப் பார்க்கட்டும்.

விசாரணை, நகர மன்றத்தின் சின்னக் கூட்ட அறையில் நடந்தது. அதற்கும் சுருக்கெழுத்து அவள்தான், வேறு ஆள் கிடையாது. நீதிபதி வயதானவர், காது கூர்மை. சுவர் ஓரமாகப் பன்னிரண்டு நாற்காலி. கடைசி நாற்காலியில் பொத்தான் கடைக்காரியின் புருஷன் தினமும் வந்து உட்காருவார். சாவி செய்கிறவர். தன் கடையைப் பூட்டிவிட்டு வருவார், யாரிடமும் பேசமாட்டார், முடிந்ததும் எழுந்து போவார். பென்சில் அக்கா அந்தப் பக்கம் பார்க்காமலே எழுதப் பழகிக்கொண்டாள்.

நாலாம் நாள் உதவிப் பொறியாளரின் முறை. மன்றத்தின் வக்கீல் அவரை நிற்கவைத்துக் குடைந்தெடுத்தார்.

“மன்றத்துல எச்சரிச்சேன்னு சொல்றீங்க. குறிப்புல ஏன் இல்ல?”

“தெரியல சார்.”

“அங்க இருந்த முப்பது பேர்ல ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கா?”

“இல்ல சார்.”

“முப்பது பேரும் பொய் சொல்றாங்க, அச்சடிச்ச குறிப்பும் பொய் சொல்லுது, நீங்க ஒருத்தர் மட்டும் நிஜம். அப்படித்தானே?”

பொறியாளர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆள்காட்டி விரலை மடக்கினார், நீட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: “சொல்லலையோ என்னமோ ஐயா. சொல்லாமலே விட்டிருப்பேன். அப்படியே எழுதிக்குங்க.”

அப்படியே எழுத வேண்டியவள் பென்சில் அக்காதான். ‘சொல்லவில்லை’ என்பதற்குச் சுருக்கெழுத்தில் ஒரு சின்ன வளைவு போதும். கை தாளுக்கு மேலே நின்றுவிட்டது. அது முடிவெடுத்து நின்றதில்லை. நகராமல் நின்றது, அவ்வளவுதான்.

“ஏம்மா நிறுத்திட்டீங்க?” என்றார் நீதிபதி.

“ஐயா, அவர் சொன்னார். என்கிட்ட இருக்கு.”

அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வக்கீல் எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி உட்காரவைத்தார். சாட்சி சொல்கிறவளே எழுதவும் முடியாது என்பதால், அவர் தன் பேனாவை எடுத்துத் தானே எழுத ஆரம்பித்தார். முழு எழுத்து, முத்து முத்தாக, ஆமை வேகத்தில். நூற்றிருபது வார்த்தைக்காரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிவிட்டு அவர் பேனாவுக்காகக் காத்திருந்தாள். “மெதுவா, மெதுவா. தாங்கிப் புடிச்சுக்கோ... ம், அப்புறம்?” என்று கேட்டு எழுதினார். நோட்டைப் படித்து முடித்ததும் அவள் மிச்சத்தையும் சொன்னாள். வரைவில் அதை மென்மையாக்கியது தான் என்றாள். செயலாளர் கோடு போட்டதையும், கோடு போட்ட பிறகு உண்மையான பதிவு என்று தான் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள். நோட்டை அழித்துவிட்டதாகச் சொன்ன பொய்யையும் விடவில்லை.

இதெல்லாம் நேற்று ராத்திரி எழுதிய கதையாகக்கூட இருக்கலாமே என்றார் வக்கீல். நீதிபதி தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் கார் வகுப்புகள். படிக்கட்டு விழுவதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதிகள், எட்டுப் பேரின் கையெழுத்துகள், ‘கிளட்சை ரொம்ப மிதிக்கிறார்’ என்று ஒரு குறிப்பு. நீதிபதி அதையும் சத்தமாகப் படித்தார். அந்த எட்டுப் பேரையும் பிற்பாடு அழைத்து விசாரித்தார்கள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஆவலோடு காத்திருக்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அறிக்கை ஏழு மாதம் கழித்து வந்தது. உதவிப் பொறியாளர் எச்சரித்தது உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, தெருவிளக்குப் பிரிவில் போட்டார்கள். செயலாளரை வேறு நகரத்துக்கு மாற்றினார்கள். தலைவர் ‘இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்’ என்று ஒரு பத்தியில் எழுதி அவரை அங்கேயே விட்டுவிட்டார்கள். நூற்றெண்பது பக்கத்தில் ஒரு சந்தேகமும் இல்லாமல் நிரூபணமான விதிமீறல் ஒன்றே ஒன்று. அழிக்க வேண்டிய நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போனது. அதற்காகப் பென்சில் அக்கா ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போதே வெளியே வந்தாள். இப்போது வீட்டு முன்னறையில் வக்கீல்களுக்குத் தட்டச்சு செய்து கொடுக்கிறாள். அவர்கள் சொல்வதை அப்படியே அடிப்பதால் அவளிடம் வருகிறவர்கள் குறைவு. எனக்கு இந்த அறிக்கையின் மேல் இன்னும் ஆத்திரம்தான். அவளுக்கு இல்லை. கேட்டால், “என்னைப் பத்தி எழுதினது தப்பில்லையே” என்பாள்.

சொல்ல வந்தது அது இல்லை. அந்த நாலாம் நாளிலேயே இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சாட்சியம் முடிந்ததும் நீதிபதி கால் மணி நேரம் இடைவேளை விட்டார். நோட்டுக்கு நகல் எடுத்துக்கொண்டு வந்து ஒப்படைக்கச் சொன்னார். நகல் இயந்திரத்துக்கு முன்னால் ஏற்கெனவே இரண்டு பேர் நின்றதால் அவள் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மனசு லேசாகியிருந்தது, பொறியாளர் எதிர்ச் சுவரில் சாய்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது இன்னும் லேசாயிற்று. செய்து முடித்துவிட்டேன் என்று நினைத்தாள்.

சாவிக்காரர் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

“அம்மா, கடைசி நாற்காலில எனக்குச் சரியாக் கேக்கல. அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படிக்கறீங்களா? மெதுவா.”

அவரிடம் கோபம் தெரியவில்லை. அவள் நோட்டை மடியில் விரித்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். அவர் குனிந்து, அவள் விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு அந்தக் கோடும் வளைவும் ஒன்றும் புரியாது. ஆனால் பல் பல்லாகச் சாவி வெட்டுகிற கண். ஒரு வெட்டு தவறினாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

‘தாங்கிப் புடிச்சுக்கோ’ என்று படித்துவிட்டு அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

“இருங்க. இங்க ஒண்ணு இருக்கே. இதுக்கு நீங்க வாயே திறக்கலையே. இது என்ன?”

அவர் நகம் வைத்த இடத்தில் ஒரு சுழி இருந்தது. சின்னது, பக்கத்தில் இரண்டு புள்ளி. எந்தச் சுருக்கெழுத்துப் பாடத்திலும் அது கிடையாது. அவளாகவே பல வருஷத்துக்கு முன்னால் உண்டாக்கிக்கொண்டது. உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரியாது என்று சொல்லலாம், பென்சில் வழுக்கிவிட்டது என்று சொல்லலாம்.

“சிரிப்புங்க” என்றாள்.

“யாரு சிரிச்சது?”

“எல்லாரும். நானும்தான். எழுதிக்கிட்டே சிரிச்சேன்.”

அவர் சுழியிலிருந்து நகத்தை எடுத்தார்.

“உள்ள நீதிபதிகிட்ட இதைச் சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏம்மா?”

குறிப்பில் சிரிப்பை எழுதும் வழக்கம் இல்லை என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்ல பதில், அப்பழுக்கு இல்லாத வாக்கியம். அவள் அதைச் சொல்லவில்லை.

“வெக்கமா இருந்துச்சு” என்றாள்.

அவள் எழுந்ததும், சாவிக்காரர் வழி விட்டு முழங்காலை ஒதுக்கிக்கொண்டார். நகல் இயந்திரம் காலியாக இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய்க் கூட்ட அறைக் கதவைத் தள்ளினாள். நீதிபதி தனியாக உட்கார்ந்து பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

“ஐயா, பேனாவை மறுபடி திறக்கணும். ஒண்ணை விட்டுட்டேன்.”